என் கணவர் ஓடிப்போகவில்லை

என் செபக்குழு உறவுகளே, திருயாத்திரை மலருக்கு ஒரு சாட்சி எழுதித் தரும்படி நீங்கள் பல தடவை கேட்டீர்கள். நான் மறுத்துக்கொண்டே வந்தேன். எழுதினால் கோபத்தோடுதான் எழுதுவேன், அது மாதா படத்துக்குப் பக்கத்தில் அழகாக இருக்காது என்று சொன்னேன். "பரவாயில்லை அக்கா, எழுதுங்கோ" என்றீர்கள். எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைக் குறை சொல்லவேண்டாம்.

என் பெயர் ஜெசிந்தா. பிறேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் மகளோடு இருக்கிறேன். என் கணவர் றெஜி. உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அகதியாக வந்து, விசா கிடைக்கும்வரை கோப்பை கழுவி, பிறகு துறைமுகத்தில் வேலை செய்து, கடைசியில் ஒரு சரக்குக் கப்பலில் மாலுமியாக ஏறியவர். கப்பலின் சொந்தக்காரர்கள் ஜெர்மன்காரர். கப்பலில் பறந்த கொடி, நான் வரைபடத்திலும் கண்டிராத ஒரு தீவின் கொடி. ஏன் அப்படி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒரு மனிதன் செத்தால் யாரும் பொறுப்புச் சொல்லத் தேவையில்லாமல் இருக்கத்தான் அந்தக் கொடி என்று பிறகு விளங்கியது.

கொரோனாவுக்கு முந்தின வருடம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடித்து வீட்டுக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது. கப்பல் நிறுவனத்திலிருந்து ஒரு பெண். போர்த்துக்கல் கரைக்கு அருகில் கப்பல் நங்கூரமிட்டு நின்றதாம். காலையில் ஆட்களை எண்ணியபோது என் கணவர் இல்லையாம். சிறு வள்ளம் ஒன்றில் ஏறித் தப்பி ஓடியிருக்கவேண்டும் என்று சொன்னாள். அவருக்கு அங்கே யாராவது பெண் சிநேகிதம் உண்டா என்றும் என்னிடமே கேட்டாள். வெட்கம் கெட்டவள்.

ஜெர்மன் விசா வைத்திருந்தவர், மனைவியும் பிள்ளையும் இந்த நாட்டில் இருக்கிறவர், எதற்காகப் போர்த்துக்கலில் ஓடவேண்டும்? இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! ஒருவரும் பதில் சொல்லவில்லை. காகிதத்தில் அவர் ஓடிப்போனவர். ஓடிப்போனவரின் மனைவிக்கு நட்டஈடு இல்லை. அவர் செத்ததாக எந்தச் சான்றிதழும் இல்லாததால் விதவைக்குரிய உதவிப்பணமும் இல்லை. உதவிப்பணம் கொடுக்கிற அரச அலுவலகமான ஜொப்சென்டரில் இருந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கணவர் எங்கேயோ இருந்து களவாகப் பணம் அனுப்புகிறார், நான் மறைக்கிறேன் என்பது அவருடைய நினைப்பு. அவர்கள் நாள் குறித்துக் கூப்பிடுகிற ஒவ்வொரு டெர்மினுக்கும் போய் உட்கார்ந்து, "உங்கள் கணவர் இப்போது எங்கே?" என்ற அதே கேள்விக்கு, தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அதே கப்பலில் அன்ரனும் இருந்தான். என் கணவருக்குத் தம்பி முறை. றெஜிதான் அவனைக் கூட்டிப்போய் வேலைக்குச் சேர்த்துவிட்டவர். கப்பலை விட்டு இறங்கியவுடன் நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, அந்த இடத்தில சின்ன வள்ளங்கள் கனக்கத் திரிஞ்சது. ஆரும் ஏத்திக்கொண்டு போயிருப்பினம். அண்ணை வருவார். நீங்க யோசியாதேங்கோ."

அவன் சொன்னதை நான் நம்பினேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய நான்கு வருடம் காத்திருந்தேன். தாலியைக் கழற்றவில்லை. அவருடைய சப்பாத்தை வாசலில் இருந்து எடுக்கவில்லை. மகள் "அப்பா எப்ப வருவார்?" என்று கேட்டால், பெருநாளுக்கு வருவார் என்று சொன்னேன். எந்தப் பெருநாள் என்று சொல்லவில்லை.

நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தீர்கள். என் வீட்டில் செபமாலை சொன்னீர்கள். ஆனால் ஒன்றை அப்போதே கவனித்தேன். பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, கலியாண வீடு என்றால் ஆராத்தி எடுக்க முன்பு என்னைத்தான் கூப்பிடுவீர்கள். றெஜி போன பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. "நீங்க களைச்சுப் போயிருப்பியள், இருங்கோ" என்று சொல்லி என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, வேறு ஒருத்தியின் கையில் தட்டைக் கொடுத்தீர்கள். ஓடிப்போனவரின் மனைவி என்று என்னை ஒதுக்குகிறீர்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். உண்மைக் காரணம் அதைவிட மோசமானது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கொரோனாக் கட்டுப்பாடுகள் முடிந்து, ஆவணி மாதத் திருயாத்திரைக்காக, மாதா திருத்தலமான கேவலாருக்கு மறுபடியும் எல்லோரும் பேருந்துகளில் வந்தோம். அந்த நாட்களில் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. வாடகை பல மாதம் நிலுவை. துப்புரவு வேலையில் வருவது சாப்பாட்டுக்கே காணாது. நீங்கள் வரிசையாக நின்று மெழுகுதிரி கொளுத்தினீர்கள். நான் கொளுத்தவில்லை. மாதாவுக்கு முன்னால் போய் நின்று சண்டை பிடித்தேன்.

"மாதாவே, உன்ர பிள்ளையைச் சிலுவையில இருந்து இறக்கி உன்ர மடியில கிடத்தினவை. நீ தொட்டுப் பார்த்தனீ. எனக்கு அது கூட இல்லை. அவர் உயிரோட இருந்தால் கொண்டுவந்து விடு. இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு. இனிமேல் எனக்கு ஆறுதல் வேண்டாம். ஆறுதல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. எனக்கு உண்மை வேணும். அதைத் தராட்டி இனி உன்ர வாசலுக்கு வரமாட்டன்."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கவேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா என் தோளைப் பிடித்து, "கோயிலுக்குள்ள இப்பிடிக் கதைக்கக் கூடாது பிள்ளை" என்றார். கையைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை வேலைக்குப் போனேன். துறைமுகத்தில் மாலுமிகள் வந்து தங்கி இளைப்பாறும் விடுதி ஒன்றில் துப்புரவு செய்கிறேன். ஹைக்க என்ற ஜெர்மன் பெண் அதை நடத்துகிறார். அவரிடம் என் கதையை நான் சொன்னதே இல்லை. வெட்கம். அவருடைய கண்ணில் நான் வேலையை ஒழுங்காகச் செய்கிற, வாய் திறக்காத ஒரு தமிழ்ப் பெண். அன்றைக்கு மாதாவின் மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கோப்பைகளை அடுக்கும்போது ஒன்றை உடைத்தேன். பொறுக்கப் போய் இன்னொன்றையும் உடைத்தேன். மூன்றாவதை வேண்டுமென்றே நிலத்தில் போட்டு உடைத்தேன்.

ஹைக்க ஓடிவந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டினேன். கப்பல், போர்த்துக்கல், ஜொப்சென்டர், வீடு, எல்லாவற்றையும். அவர் உடைந்த துண்டுகளுக்கு நடுவில் நின்றபடியே கேட்டார். பிறகு, "உங்கள் கணவரோடு கப்பலில் நின்ற யாராவது ஜெர்மனியில் இருக்கிறார்களா?" என்று கேட்டார். ஹனோவரில் அன்ரன் இருக்கிறான் என்றேன். "அப்படியென்றால் நாங்கள் கீலுக்குப் போகிறோம்" என்றார்.

கீல் நகரத்தில் என்ன இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும். பாய்க்கப்பல்களும் நீராவிக் கப்பல்களும் ஒன்றாக ஓடிய அந்தக் காலத்தில், கடற்படைக் கப்பல்களில் போன சாதாரண மாலுமிகளின் மனைவிகள் அங்கே இருந்தார்கள். அதிகாரியின் மனைவிக்கு உதவிப்பணம் கிடைக்கும். மாலுமியின் மனைவிக்கு, அவன் செத்தான் என்று காட்டினால்தான் ஏதாவது கிடைக்கும். புயலில் தவறி விழுந்தவனைத் தேடித் திரிவதைவிட "ஓடிப்போனான்" என்று எழுதுவது கடற்படைக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. ஓடிப்போனவனின் சம்பளப் பாக்கியும் கடற்படைக்கே. அந்தப் பெண்கள் மனுக் கொடுத்து, கதவு கதவாகத் தட்டி, ஒன்றும் நடக்காமல் போகவே, தாங்களே ஒரு நிதியைத் தொடங்கினார்கள். அதிகாரிகளின் உடுப்புத் தோய்த்து உழைத்ததில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். பிறகு ஊரில் மனச்சாட்சி உள்ள சிலரும் போட்டார்கள். கடற்படை மாலுமிகளின் விதவைகள் இல்லாமல் போன பிறகு, சரக்குக் கப்பல் மாலுமிகளின் விதவைகளுக்கும் அதே நிதி கொடுத்துவருகிறது. இன்றைக்கும்.

இதை ஹைக்க ரயிலில் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தபோது என் உடம்பெல்லாம் கொதித்தது. என் கணவரைப் பற்றி எழுதிய அதே பொய்யை, அவ்வளவு காலத்துக்கு முன்பே, வேறு பெண்களின் புருஷன்மாரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். கப்பல்கள் மாறிவிட்டன. பொய் மட்டும் மாறவில்லை.

நிதியின் தலைவி ஒரு பல் வைத்தியர். கதைக்கும்போது என் பல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதவேண்டுமா, என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். அந்தப் பெண்கள் வைத்த விதி இன்னும் அப்படியே இருக்கிறதாம். கணவனோடு அதே கப்பலில் நின்ற ஒருவர் வரவேண்டும். வேதாகமத்தில் கை வைத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, நடந்ததைச் சொல்லவேண்டும். கேள்வி கேட்பது மனைவி மட்டும். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. மனைவி கத்தினால் யாரும் தடுக்கவும் கூடாது.

"கத்தலாம் என்று உண்மையாகவே விதியில் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது. வேறு எல்லா இடத்திலும் அவர்களைக் கத்தவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்" என்றார் அந்த வைத்தியர்.

அன்ரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலை இருக்கிறது, பார்ப்போம் என்று இழுத்தான். அன்று பின்னேரமே பீலெஃபெல்டிலிருந்து மரியதாஸ் அத்தான் எடுத்தார். என் கணவரின் மூத்த அண்ணன். அவரை எல்லோருக்கும் தெரியும். செபக்கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவர்.

"என்ன பிள்ளை, அன்ரனைக் கீலுக்கு வரச் சொன்னியாம். அவன் பாவம், அவனை இதுக்குள்ள இழுக்காதை. உனக்கு வாடகைக்குக் காசு வேணுமெண்டால் நாங்கள் சேர்த்துத் தாறம்."

"காசு வேண்டாம் அத்தான். அன்ரன் வரவேணும்."

"சொன்னாக் கேள். கிளறாதை."

கிளறாதை. ஒன்றும் இல்லாத இடத்தில் கிளறுவதற்கு என்ன இருக்கிறது? நான் மறுபடி அன்ரனுக்கு எடுத்து, "நீ வராட்டி நான் ஹனோவருக்கு வருவன். உன்ர வேலையிடத்து வாசலில நிண்டு கேப்பன்" என்று சொன்னேன். வருகிறேன் என்றான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, கீலில் ஒரு பழைய பங்குக்கோயில் மண்டபம். பல் வைத்தியர், ஹைக்க, இன்னும் இரண்டு பெண்கள் சுவரோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு கதிரைகள். எங்கள் மொழியிலேயே பேசலாம், பிறகு அதை ஜெர்மனில் சொன்னால் போதும் என்றார்கள். அன்ரன் மெலிந்திருந்தான். வேதாகமத்தில் கையை வைத்தான். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்ரன், நிமிர்ந்து என்ர முகத்தைப் பார். அண்ணை எங்க?"

அவன் நிமிர்ந்தான்.

"விழுந்திட்டார் அக்கா. நான் கண்டனான்."

"எங்க விழுந்தவர்?"

"கடலுக்குள்ள. நங்கூரம் போட்டு நிக்கேல்ல அக்கா, கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. சரியான காத்து. சரக்குப் பெட்டியளை இறுக்கிக் கட்டச் சொல்லி எங்களை மேல அனுப்பினவங்கள். இடுப்பில கயிறு கட்ட வேணும். கப்ரன், நேரமில்லை, போ போ எண்டு கத்தினான். ஒரு அலை வந்தது. ஒருக்காத்தான் தலை தெரிஞ்சது. பிறகு காணேல்ல."

"கப்பலைத் திருப்பினவையோ?"

"கொஞ்ச நேரம் சுத்தினவை. பிறகு போயிட்டம். ஒருத்தரும் காணேல்ல எண்டு எழுதி எங்களிட்டக் கையெழுத்து வாங்கினவை. இல்லாட்டி அடுத்த கப்பல் இல்லையெண்டவை. நானும் வைச்சனான் அக்கா."

"அப்ப ஏன் அண்ணை வருவார் எண்டு எனக்குச் சொன்னனீ?"

அவன் அழத் தொடங்கினான். "உங்களிட்டச் சொல்லத்தான் வந்தனான். வாற வழியில மரியதாஸ் அண்ணைக்குப் போனில சொன்னனான். அவர்தான், சின்னப் பிள்ளையோட தனிய இருக்கிறாள், தாங்க மாட்டாள், உடன சொல்லாதை, மெல்ல மெல்லச் சொல்லுவம் எண்டவர். பிறகு நாள் போட்டுது. எப்பிடிச் சொல்லுறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல."

"ஒருத்தருக்கும் எண்டால்? வேற ஆருக்கெல்லாம் தெரியும்?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குப் பதில் தேவைப்படவில்லை. ஆராத்தித் தட்டுகள் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. நல்ல காரியத்தில் விலக்கிவைக்க மட்டும் நான் உங்களுக்கு விதவை. என்னிடம் உண்மையைச் சொல்லவேண்டி வந்தால் மட்டும் நான் சுமங்கலி.

நான் எழும்பிக் கத்தினேன். அன்ரனைப் பார்த்து, அத்தானைப் பார்த்து, அந்தக் கப்டனைப் பார்த்து, உங்கள் எல்லோரையும் பார்த்துக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது, இது மாதாவின் மலர். சுவரோடு இருந்த பெண்கள் ஒருவரும் அசையவில்லை. தண்ணீர் குடியுங்கள் என்று கூட ஒருவரும் சொல்லவில்லை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக என்னை ஒருவரும் அமைதியாக இரு என்று சொல்லவில்லை. கத்தி முடிந்த பிறகு நிலத்தில் உட்கார்ந்து, என் றெஜிக்காக, செத்துப்போன என் மனுசனுக்காக, வாய்விட்டு அழுதேன். அதுதான் அவருடைய செத்தவீடு. ஒப்பாரி வைத்தவள் நான் ஒருத்திதான்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் நினைவு வந்தது. கேவலாரில் நான் கேட்டது இதுதான். இல்லையென்றால் இல்லையென்று சொல் என்று கேட்டேன். சொல்லிவிட்டாள். நான் கேட்ட மாதிரியே, சுற்றிவளைக்காமல். ஆறுதல் கேட்டபோதெல்லாம் எனக்கு இடியப்பம் வந்தது. உண்மை கேட்டபோது பதில் வந்தது. எனக்காக ஆண்டவர் அந்தப் பதிலை எவ்வளவு காலத்துக்கு முன்பே ஆயத்தம் செய்திருக்கிறார் என்று நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. கீலில் யாரோ பெண்கள், கோபத்தில், உடுப்புத் தோய்த்த கைகளால் எழுதிவைத்த விதி எனக்காகக் காத்திருந்தது. அவர்களுடைய பெயர் கூட எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அவர்களுக்காகச் செபிக்கிறேன்.

அந்த மாதத்திலிருந்தே நிதி எனக்கு உதவத் தொடங்கியது. வீட்டை விட்டு எழும்பத் தேவையில்லாமல் போனது. அன்ரனின் வாக்குமூலத்தை வைத்து நீதிமன்றம் என் கணவர் கடலில் இறந்ததாக அறிவித்தது. விதவைக்குரிய உதவிப்பணமும் வந்தது. ஜொப்சென்டரில் அந்த மனிதருக்கு முன்னால் நீதிமன்றக் கடிதத்தை வைத்தபோது, "என் கணவர் எங்கே என்று இப்போது கேளுங்கள்" என்றேன். அவர் கேட்கவில்லை. கப்பல் நிறுவனத்தோடு வழக்கு இன்னும் நடக்கிறது. பெயரை எழுதக் கூடாது என்று என் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார், இல்லாவிட்டால் பெரிய எழுத்தில் எழுதியிருப்பேன்.

கார்த்திகையில், ஆத்துமாக்களின் மாதத்தில், றெஜிக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். மகளுக்கு உண்மையை நானே சொன்னேன், மெல்ல மெல்ல அல்ல, ஒரே தடவையில். அவள் அழுதாள். பிறகு, "எனக்குத் தெரியும் அம்மா, பெரியாக்கள் கதைச்சது கேட்டனான். நீங்க தாங்க மாட்டீங்கள் எண்டுதான் சொல்லேல்ல" என்றாள். பத்து வயதில் தெரிந்துகொண்ட பிள்ளை. அவளுக்கும் எங்கள் பழக்கம் தொற்றியிருந்தது. அன்றைக்கு வந்த கோபம்தான் எல்லாக் கோபத்திலும் பெரியது.

அத்தான் பூசைக்கு வந்தார். "உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை செய்தனாங்கள்" என்றார். "என்ர நன்மையை என்னட்டக் கேட்டிருக்கலாம் அத்தான்" என்றேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் சாட்சி நன்றாக முடியும். அது பொய். மன்னிக்க எனக்குப் பலம் தா என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். சில நாள் கொஞ்சம் கிடைக்கிறது. அன்ரனோடு கதைக்கிறேன். அவன் நீதிமன்றத்திலும் வந்து சொன்னான், அதற்கு மனத்தைரியம் வேண்டும்.

இப்போது கீல் நிதியின் குழுவில் நானும் இருக்கிறேன். பிலிப்பைன்ஸிலிருந்து, கானாவிலிருந்து, எங்கெங்கிருந்தோ மாலுமிகளின் மனைவிகள் வருகிறார்கள். சுவரோடு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவர்கள் கத்துவதைக் கேட்பது என் ஊழியம். நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்பதே ஒரு புதுமை என்று என் மகள் சொல்கிறாள்.

உறவுகளே, ஆண்டவரிடம் நல்ல பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று நினைக்காதீர்கள். கோபம் என்றால் கோபத்தோடு போங்கள். அவருக்குக் காது இருக்கிறது. உங்களுக்கு எது வேண்டுமோ அதை நேரே கேளுங்கள், பதில் எவ்வளவு வலித்தாலும் வாங்குவேன் என்று சொல்லிக் கேளுங்கள். அவர் ஏமாற்றமாட்டார். இது நான் அனுபவித்துக் கண்டது.

இன்னொன்றும் கேட்கிறேன். இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது, வேறு ஒருத்தி தெரிந்திருக்கவேண்டிய ஒன்று தெரிந்திருந்தால், அவள் தாங்கமாட்டாள் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இந்த மலரை மூடிவிட்டு, இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். அவள் உங்களைத் திட்டுவாள், அடிக்கவும் வருவாள். எழும்பிப் போகாமல் பக்கத்தில் இருங்கள். ஆண்டவரும் அங்கேதான் இருப்பார்.